டிவி மேடையில் அழுத தங்கை, யூடியூபில் ஓடும் ப்ரோமோ: இனி என்ன செய்யலாம்?

வழக்கறிஞர் பதில்

குடியாத்தத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 38, வீட்டிலேயே பீடி சுற்றுகிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருடைய தங்கைக்கு 2014-ல் கல்யாணம். ஒரே பெண் குழந்தை, நான்காம் வகுப்பு முடித்திருக்கிறாள். தங்கை பேரணாம்பட்டு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறார். டைல்ஸ் வேலைக்கு பெங்களூரு போன கணவர், இரண்டு வருஷமாக அங்கேயே இன்னொரு பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறார். வீட்டுக்கு ஒரு பைசா வருவதில்லை. மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தார்கள். கூப்பிட்ட எந்தத் தேதிக்கும் அவர் வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஒரு தனியார் சேனலின் குடும்பப் பஞ்சாயத்து நிகழ்ச்சியிலிருந்து போன் வந்திருக்கிறது. "வண்டி வச்சு இட்டுகினு போனாங்க மேடம். ரூம் போட்டுக் குடுத்தாங்க. ஸ்டேஷன்ல கூப்ட்டப்போ வராத ஆளு, டிவிக்காரங்க கூப்ட்டதும் வந்து நின்னாரு" என்று எழுதுகிறார்.

காலையில் ஆரம்பித்த படப்பிடிப்பு இரவு வரை இழுத்திருக்கிறது. மேக்கப் அறையில், ஆங்கிலத்தில் இருந்த நான்கு பக்கத் தாளில் தங்கையிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். "வண்டி வாடகைக்கு ரசீதுன்னு சொன்னாங்க." மேடையில் கணவர், "அந்தப் புள்ள எனக்குப் பொறக்கவே இல்ல" என்று கத்தியிருக்கிறார். அந்தப் பிள்ளை அப்போது இரண்டாவது வரிசையில் பெரியம்மா மடியில் உட்கார்ந்திருந்தது. தொகுப்பாளர் கணவரை வெளுத்து வாங்கிவிட்டு, மாதம் 6,000 ரூபாய் தருவதாக முத்திரைத்தாளில் எழுதி வாங்கியிருக்கிறார். சேனல் செலவிலேயே டிஎன்ஏ பரிசோதனை செய்யலாம், அடுத்த ஷூட்டிங்குக்கு வாருங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

முழு நிகழ்ச்சி இன்னும் வரவில்லை. 'இந்தக் குழந்தைக்கு அப்பா யார்?' என்ற கேள்வியோடு ப்ரோமோ மட்டும் வந்துவிட்டது. குழந்தையின் முகம் மறைக்கப்படவில்லை. கம்பெனி வேனில் பின் சீட்டில் யாரோ செல்போனில் சத்தமாக வைத்து அதைப் போட, தங்கை பாதி வழியில் இறங்கிவிட்டார். அன்றிலிருந்து வேலைக்குப் போகவில்லை. வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு உறவெல்லாம் ஊரில் கூடும், அதற்குள் முழு நிகழ்ச்சியையும் போட்டுவிடுவார்களோ என்ற பயம் அக்காவுக்கு. கையெழுத்துப் போட்டாயிற்றே, இனி தடுக்க வழி உண்டா என்று கேட்கிறார். அவர் தம்பிக்கு வேறு திட்டங்கள் இருக்கின்றன. அதற்கும் வருகிறேன்.

சகோதரி, உங்கள் கடிதத்தில் ஏழெட்டுக் கேள்விகள் இருக்கின்றன. இந்த வாரத்து வேலை ஒன்றே ஒன்றுதான்: அந்த ப்ரோமோவை இறக்குவது, முழு நிகழ்ச்சி வராமல் தடுப்பது. ஜீவனாம்சம், அவதூறு, நஷ்டஈடு எதுவும் பத்து நாள் தள்ளிப்போனால் கெட்டுப்போகாது.

"போவாதன்னு நான் சொல்லியிருக்கணும், படிக்காத புத்தி" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி நினைக்காதீர்கள். இந்த நிகழ்ச்சிகளைக் குப்பை என்று திட்டுகிறவர்களில் பலர், அங்கே ஏன் போகிறார்கள் என்று கேட்பதே இல்லை. காவல் நிலையத்தில் 'பேசித் தீத்துக்கம்மா' என்கிறார்கள். நீதிமன்றம் என்றால் வாய்தா. ஊர்ப் பஞ்சாயத்தில் ஆம்பளைப் பக்கம்தான் நாலு பேர் பேசுவார்கள். சேனல் ஒன்றுதான் வீட்டு வாசலுக்கு வண்டி அனுப்புகிறது. அந்த மேடையில் உட்காருகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள்: கட்டட வேலை, பீடி, வீட்டு வேலை, தினக்கூலி. சொத்துபத்து உள்ள வீட்டுச் சண்டை பெரும்பாலும் அங்கே வராது. அவர்களுக்கு வக்கீல் இருக்கிறார், மூடிய அறை இருக்கிறது.

அந்த மூடிய அறை உங்கள் தங்கைக்கும் உண்டு. 1984-ஆம் ஆண்டு குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி, ஒரு தரப்பு கேட்டாலே போதும், வெளியாட்களை அனுப்பிவிட்டு விசாரிக்க வேண்டும். இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு இன்னும் கறார்: அந்தச் சட்டத்தின்படி நடக்கும் விசாரணை மூடிய அறையில்தான் நடக்க வேண்டும், நீதிமன்ற அனுமதியோடு வரும் உயர், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தவிர அந்த நடவடிக்கை பற்றி எதையும் வெளியிடவும் கூடாது. மீறினால் அபராதம் ஆயிரம் ரூபாய் வரைதான். 1955-ல் அது பெரிய தொகையாக இருந்திருக்கும். டிவி மேடையில் நடப்பது நீதிமன்ற விசாரணை இல்லை என்பதால் இந்தப் பிரிவு சேனலை நேரடியாகக் கட்டாது. ஆனாலும் புருஷன் பெண்டாட்டி வழக்கை ஊர் பார்க்கக் கூடாது என்று சட்டம் எவ்வளவு காலமாக நினைத்திருக்கிறது என்பதை நீதிபதியிடம் சொல்ல இது உதவும்.

கையெழுத்துப் போட்டாயிற்றே?

கையெழுத்தோடு எல்லாம் முடிந்தது என்று சேனல்காரர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ல் வந்தது, இன்றைக்கும் அதுதான் அளவுகோல். அதன் 28-ஆம் பிரிவுப்படி, 'உங்கள் மேல் வழக்கே போட மாட்டேன்' என்று எழுதிக் கொடுத்தால் அந்த வரி செல்லாது. 19-ஆம் பிரிவுப்படி, பொய் சொல்லியோ மிரட்டியோ வாங்கிய சம்மதத்தை, கொடுத்தவர் ரத்து செய்துகொள்ளலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. 'படிக்காமல் போட்டுவிட்டேன்' என்பது மட்டும் போதாது. கையெழுத்துப் போட்டவர் படித்துவிட்டுத்தான் போட்டார் என்றுதான் நீதிமன்றம் பொதுவாக எடுத்துக்கொள்ளும். உங்கள் பக்கம் பலம் சேர்ப்பது 'வண்டி வாடகை ரசீது' என்று சொன்ன அந்த வார்த்தை. அதை யார் சொன்னார், அறையில் வேறு யார் இருந்தார்கள், அப்போது மணி எத்தனை, தங்கை சாப்பிட்டிருந்தாரா என்பதையெல்லாம் இன்றைக்கே ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். போன் செய்தவரின் எண், வாட்ஸ்அப் செய்திகள், வண்டி எண் எதையும் அழிக்காதீர்கள்.

குழந்தை விஷயம் வேறு. மைனர் ஒப்பந்தம் செய்ய முடியாது. தாய் கையெழுத்துப் போட்டிருந்தாலும், காப்பாளர் கொடுக்கும் சம்மதம் குழந்தையின் நலனுக்காக இருக்க வேண்டும். 'இந்தக் குழந்தைக்கு அப்பா யார்?' என்று அதன் முகத்தைக் காட்டி ஊரைக் கேட்பதில் எந்த நலனைக் காட்டுவார்கள்? உங்கள் வழக்கின் கெட்டியான இடம் இதுதான். தங்கையின் மானத்தை முன்னே வைத்தால் சேனல் நான்கு பக்கத் தாளை நீட்டும். குழந்தையை முன்னே வைத்தால் அந்தத் தாளுக்கு அவ்வளவு பலம் இருக்காது.

முதல் காரியமாகச் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஒரு கடிதம் எழுத வேண்டும். தமிழிலேயே எழுதலாம். படப்பிடிப்பு நடந்த தேதி, என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள் என்பது, குழந்தையின் முகமும் பெயரும் எங்கும் வரக்கூடாது என்ற கோரிக்கை, ப்ரோமோவை உடனே நீக்கச் சொல்வது, கையெழுத்துப் போட்ட தாளின் நகல் கேட்பது ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். கோபத்தில் நாலு வார்த்தை சேர்க்க வேண்டாம். ஒப்புகை கிடைக்கும்படி தபாலிலும், கூடவே மின்னஞ்சலிலும் சேனலின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். அவருடைய பெயரும் முகவரியும் சேனலின் இணையதளத்தில் இருக்க வேண்டும் என்பது விதி.

ஒளிபரப்பைத் தடுக்க எந்தக் கதவைத் தட்டுவது?

கேபிள் டிவிக்கு 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்கீழ் வந்த 1994 விதிகளில் 6-ஆவது விதியைத்தான் நிகழ்ச்சி நெறிமுறை என்கிறோம். (சட்டத்துக்கு முந்தைய வருஷமே விதி வந்துவிட்டது. முதலில் வந்தது அவசரச் சட்டம், அதனால்தான்.) அவதூறானது, அரைகுறை உண்மை, தனிமனிதரை இழிவுபடுத்துவது, பெண்களையும் குழந்தைகளையும் கீழ்மைப்படுத்துவது எதுவும் ஒளிபரப்பாகக் கூடாது என்கிறது அது. 2021-ல் புகாருக்கு மூன்று படி வைத்தார்கள். முதலில் சேனலிடம் புகார். 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் முடிவு. திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் சேனல்களின் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு. அவர்களுக்கு 60 நாள் அவகாசம். அதற்கும் மேலே மத்திய அரசு.

இந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தாலே தெரியும், சிரசுத் திருவிழா வந்து போய்விடும். புகாரை அனுப்புங்கள், பிற்பாடு அது சாட்சி. ஒளிபரப்பை அது நிறுத்தும் என்று மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

'திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்தா நிறுத்திடுவாங்களா?' என்று கேட்டிருக்கிறீர்கள். கேபிள் சட்டத்தின் 19-ஆம் பிரிவு மாவட்ட ஆட்சியருக்கு ஓர் அதிகாரம் கொடுத்திருப்பது உண்மைதான். நெறிமுறைக்கு மாறான நிகழ்ச்சியைக் காட்டக்கூடாது என்று தன் எல்லையில் உள்ள கேபிள் ஆபரேட்டர்களுக்கு அவர் உத்தரவிடலாம். அந்த உத்தரவு சென்னையில் இருக்கும் சேனலைக் கட்டாது, யூடியூபையும் கட்டாது. மனு கொடுப்பதில் தப்பில்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கும் ஒரு நகல் கொடுங்கள். அவர் குழந்தையின் நிலையை விசாரித்து எழுதும் அறிக்கை, ஆட்சியரின் உத்தரவைவிட உங்களுக்கு அதிகம் பயன்படும்.

உண்மையில் ஒளிபரப்பை நிறுத்தக்கூடியது நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை. குழந்தையின் பெயரில், தாய் அதற்காக நின்று, சிவில் வழக்கு போடலாம். சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. பாதிப்பு எங்கே நடந்ததோ அங்கேயும் வழக்கு போடலாம் என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 19, 20-ஆம் பிரிவுகள் சொல்கின்றன. ப்ரோமோவை உங்கள் ஊரில்தான் பார்த்தார்கள், வேனில் இருந்து தங்கை இறங்கியதும் உங்கள் ஊர்ப் பாதையில்தான்.

தடை கட்டாயம் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். விசாரணைக்கு முன்பே ஊடகத்தின் வாயைக் கட்டும் உத்தரவை இயந்திரம்போலக் கொடுக்கக் கூடாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றங்களை எச்சரித்திருக்கிறது. அது அவதூறு வழக்கு. அதனால்தான் உங்கள் மனு அவதூறை அல்லாமல் அந்தரங்க உரிமையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். 1994-ல் ஆட்டோ சங்கர் வாழ்க்கைக் கதை தொடர்பான ராஜகோபால் வழக்கில், ஒருவருடைய குடும்பம், திருமணம், குழந்தைப்பேறு போன்றவற்றைப் பற்றி அவர் சம்மதமின்றி எழுத முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பொது ஆவணங்களில் இருப்பதற்கு அது விலக்கு. குழந்தையின் பிறப்பைப் பற்றிய சந்தேகம் எந்தப் பொது ஆவணத்திலும் இல்லை. 2017-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றே தீர்ப்பளித்துவிட்டார்கள்.

போக்சோ போட்டு உள்ளே தள்ளலாம் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம். போக்சோ பாலியல் குற்றங்களுக்கான சட்டம். குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்ற அதன் 23-ஆம் பிரிவும் அப்படிப்பட்ட வழக்குகளுக்குத்தான். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும், விசாரணையில் இருக்கும் குழந்தைகளைப் பற்றியது. பொருந்தாத சட்டத்தை மனுவில் எழுதினால், பொருந்துகிற சட்டத்தின்மேலும் நீதிபதிக்கு நம்பிக்கை குறையும்.

யூடியூபுக்கு நீதிமன்ற உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடையாளம் தெரியும்படி முகம் வந்திருந்தால் அந்தரங்கப் புகார் கொடுக்க அங்கே தனி வழி இருக்கிறது. மைனருக்காகப் பெற்றோர் கொடுக்கலாம். சேனலின் ப்ரோமோவோடு அதை வெட்டி ஒட்டிப் போட்ட மற்ற பக்கங்களின் இணைப்புகளையும் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். புகார் கொடுப்பதற்கு முன், தேதியும் பார்வை எண்ணிக்கையும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வீடியோவையும் பதிவிறக்கி ஒரு பென்டிரைவில் வையுங்கள். நீக்கிவிட்ட பிறகு ஆதாரம் கிடைக்காது.

தம்பியின் யோசனைகள்

உங்கள் தம்பியின் கோபம் நியாயமானது. இந்த நிகழ்ச்சிகளைக் கிழித்துத் தொங்கவிடும் ஒரு யூடியூபரிடம் பேசி, உங்கள் தங்கையை அங்கே உட்காரவைத்து உண்மையைச் சொல்லவைத்தால் மக்கள் கொந்தளித்து சேனல் பணியும் என்பது அவர் கணக்கு. மக்கள் கொந்தளித்ததற்கு உதாரணங்களும் இருக்கின்றன. ஜீ தமிழின் 'சொல்வதெல்லாம் உண்மை' நிகழ்ச்சிக்கு எதிரான பொதுநல வழக்கில், 2018 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. அந்த வகை நிகழ்ச்சி அதோடு ஒழியவில்லை. பெயர் மாறி, சேனல் மாறி வந்துகொண்டுதான் இருக்கிறது.

இங்கிலாந்தில் ஐடிவி சேனலின் ஜெரமி கைல் நிகழ்ச்சி 2005-ல் தொடங்கியது. மேடையிலேயே ஒருவர் இன்னொருவரைத் தலையால் முட்டிய வழக்கு 2007-ல் மான்செஸ்டர் நீதிபதி ஒருவரிடம் வந்தபோது, கரடியைக் கட்டிவைத்து நாய்களை ஏவிவிடும் பழைய வேடிக்கையை மனிதர்களை வைத்து நடத்துகிறார்கள் என்றார் அவர். அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருஷம் ஓடியது. பொய் கண்டறியும் சோதனையில் தோற்றதாகச் சொல்லப்பட்ட ஒருவர் சில நாட்களில் இறந்துபோன பிறகுதான், 2019 மே மாதம் நிறுத்தினார்கள். பங்கேற்பவர்களின் நலனைக் கவனிக்க வேண்டும் என்று அந்த நாட்டு ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 ஏப்ரலில் விதியே கொண்டுவந்தது. அமெரிக்காவில் 1995-ல் செனட்டர் ஜோ லீபர்மனும் முன்னாள் அமைச்சர் வில்லியம் பென்னட்டும் பகல்நேர டாக் ஷோக்களுக்கு எதிராகப் பெரிய பிரசாரமே நடத்தினார்கள். அந்தப் பிரசாரத்தில் அடிபட்ட ஜெர்ரி ஸ்பிரிங்கர் நிகழ்ச்சி 2018 வரை ஓடியது.

இதிலிருந்து உங்கள் வீட்டுக்கு என்ன கிடைக்கிறது? எதிர்ப்பு மெதுவாகத்தான் வேலை செய்யும். உங்களுக்கு இருப்பது சில வாரம். அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. நிகழ்ச்சியைத் திட்டுகிறவர்களும் அதே துண்டு வீடியோவைத்தான் போடுகிறார்கள். தொகுப்பாளரைக் கேலி செய்ய அவர்கள் எடுக்கும் காட்சியில் எதிரே உட்கார்ந்து அழுவது யாரோ ஒரு வீட்டுப் பெண். 'என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா' என்ற வரி தெரியாத தமிழர் உண்டா? அதைக் கேட்டு ஊரே சிரித்தது. தொகுப்பாளர் அதை எந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் தெருவில் மட்டும் மறந்திருக்க மாட்டார்கள். தம்பி சொல்லும் யூடியூபர் நல்ல எண்ணத்தோடே செய்யட்டும், பேட்டியின் நடுவில் ப்ரோமோவை ஓட்டாமல் இருப்பாரா? சேனல் காட்டியதை இவரும் ஒரு முறை காட்டுவார், அவர் பார்வையாளர்கள் இன்னும் பத்துப் பக்கங்களுக்கு அனுப்புவார்கள். நாளைக்கு நீதிமன்றத்தில் 'நீங்களே முன்வந்து பேசினீர்களே, அந்தரங்கம் எங்கே போச்சு?' என்று சேனல் வக்கீல் கேட்பார். நான் அந்தப் பக்கம் நின்றால் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

தம்பிக்குப் பொதுக் காரியத்தில் ஆர்வம் இருந்தால் நல்லதே. பெயரும் முகமும் படமும் இல்லாமல் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கும் விளம்பரம் கொடுக்கும் கம்பெனிகளுக்கும் எழுதட்டும். தங்கையின் வழக்கு முடியும்வரை கேமராப் பக்கம் போகவேண்டாம்.

அமெரிக்காவில் இப்படி வழக்குப் போட்டு ஒரு குடும்பத்துக்குக் கோடிக்கணக்கில் கிடைத்ததாம், நமக்கும் கிடைக்கும் என்கிறாராம். அவர் பார்த்தது ஜென்னி ஜோன்ஸ் வழக்காகத்தான் இருக்க வேண்டும். 1995-ல் அந்த நிகழ்ச்சியில் ஒருவர் தன் நண்பர்மேல் ஆசை இருப்பதாகச் சொல்ல, மூன்று நாள் கழித்து நண்பர் அவரைச் சுட்டுக் கொன்றார். 1999-ல் ஜூரி இரண்டரைக் கோடி டாலருக்குமேல் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது உண்மைதான். 2002-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. கடைசியில் அந்தக் குடும்பத்துக்கு அந்தத் தீர்ப்பால் பணம் வரவில்லை. இந்த இரண்டாம் பாதி வாட்ஸ்அப்பில் வருவதில்லை.

இங்கே அவதூறுக்கு நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கு போட வெளியான நாளிலிருந்து ஒரு வருஷம் அவகாசம் இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் கிரிமினல் புகாரும் கொடுக்கலாம். இரண்டையும் இப்போதே தொடங்கச் சொல்லமாட்டேன். முதலில் வீடியோ இறங்கட்டும், தங்கை வேலைக்குத் திரும்பட்டும். பிறகு அவருக்கே வேண்டுமா என்று கேளுங்கள். அவர் கதையைத் திரும்ப ஒரு கூண்டில் நின்று சொல்லவேண்டி வரும்.

ஆறாயிரம் ரூபாய்ப் பத்திரமும் டிஎன்ஏ-வும்

மேடையில் எழுதிய முத்திரைத்தாளை நீதிமன்றத் தீர்ப்புபோல நினைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். பத்திரமாகவே வையுங்கள், ஆனால் தீர்ப்பு இல்லை அது. மக்கள் நீதிமன்றம் எனப்படும் லோக் அதாலத்தில் எழுதும் சமரசம், 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். டிவி தொகுப்பாளர் முன் எழுதியதற்கு அந்த மதிப்பு இல்லை. அவர் பணம் தராவிட்டால் சேனல் வசூலித்துத் தராது. கணவர் தன் பொறுப்பை ஒப்புக்கொண்டதற்கு ஒரு சாட்சியாக அதை ஜீவனாம்ச மனுவோடு தாக்கல் செய்யலாம்.

அந்த மனு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-ஆம் பிரிவு. இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144. அவர் பெங்களூருவில் இருந்தாலும் தங்கை வசிக்கும் இடத்திலேயே போடலாம், வேலூர் சத்துவாச்சாரியில் குடும்ப நல நீதிமன்றம் இருக்கிறது. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, அவருக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இழுக்கும், தெரிந்ததே. ஆனால் மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கேட்கலாம் என்பதால் சீக்கிரம் போடுவது நல்லது. 6,000 என்று எழுதிவிட்டோமே, அதற்குமேல் கேட்க முடியாதோ என்று பயப்பட வேண்டாம். அவர் வருமானத்தையும் குழந்தையின் செலவையும் வைத்துத்தான் நீதிபதி முடிவு செய்வார்.

டிஎன்ஏ-வுக்கு என் பதில் ஒரே வார்த்தை: வேண்டாம். 'பரிசோதனை செஞ்சா உண்மை தெரிஞ்சிடும், அவன் வாய அடைச்சிடலாம்' என்று தங்கை நினைக்கிறார். சட்டத்தில் அவர் எதையும் நிரூபிக்க வேண்டியதே இல்லை. திருமண பந்தம் இருக்கும்போது பிறந்த குழந்தை அந்தக் கணவருடையதுதான் என்று சாட்சியச் சட்டமே முடிவாக எடுத்துக்கொள்கிறது. முன்பு 112-ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியமில் 116. கருத்தரித்த காலத்தில் இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று கணவர்தான் நிரூபிக்க வேண்டும். அப்போது ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். நீதிமன்றமே டிஎன்ஏ-வுக்கு எளிதில் உத்தரவிடக் கூடாது, தேவையில்லாமல் தன் பிறப்பைச் சந்தேகிக்கவிடாத உரிமை குழந்தைக்கு உண்டு என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீதிபதியே தயங்குகிற இடத்தில் ஒரு சேனலுக்கு எச்சில் மாதிரி கொடுப்பானேன்?

இவ்வளவும் செய்யப் பணம் எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். ஆதார், கல்யாணப் பத்திரிகை அல்லது போட்டோ, குழந்தையின் பிறப்புச் சான்று, காவல் நிலைய மனு ரசீது, பென்டிரைவ், அந்த நோட்டு, இவ்வளவும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தங்கை கூடப் போகட்டும், குழந்தை வேண்டாம்.

தங்கை ராத்திரியில் தூங்குவதில்லை, 'இருந்து இன்னா பண்ணப் போறேன்' என்கிறார் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் படித்துக் கவலைப்பட்ட வரி அது. அவரைத் தனியாக விடாதீர்கள், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். குடியாத்தம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய் தூக்கமின்மை என்றே சொல்லி ஆரம்பியுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும் முன் வகுப்பு ஆசிரியையைத் தனியாகப் பார்த்து, கேலி நடந்தால் கவனிக்கும்படி சொல்லிவிடுங்கள். குழந்தை கேட்டால் பொய் சொல்ல வேண்டாம்; 'அப்பா கோவத்துல தப்பாப் பேசிட்டாரு, நீ எங்க புள்ள' என்று பெரியம்மாவாகிய நீங்கள் சொன்னால் போதும். ஆள் மாற்றி ஆள் விளக்கம் கொடுக்கவும் வேண்டாம்.

அடுத்த ஷூட்டிங்குக்குக் கூப்பிட்டால் போனை எடுக்கலாமா என்று கேட்டீர்கள். எடுங்கள், ஆனால் தங்கை எடுக்க வேண்டாம். வராவிட்டால் முழு நிகழ்ச்சியில் உங்கள் பக்கம் இல்லாமல் போய்விடும், இப்போது வந்தால் எடிட் செய்து தருகிறோம் என்றெல்லாம் சொல்வார்கள். வாக்குவாதம் வேண்டாம். "எதுவா இருந்தாலும் எழுத்துல அனுப்புங்க, எங்க வக்கீல் பதில் சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். கூப்பிட்ட எண்ணையும் நேரத்தையும் அந்த நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.